ஐந்துக்கு மேல் ஏணி இல்லை

ஜமீஷா பிளெட்சோ செய்த குற்றம் இவ்வளவுதான்: முதல் நாள் காலையில் கொடுத்த படிவத்தில், இருபத்திரண்டாவது கேள்விக்கு ஐந்து என்ற எண்ணைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டாள்.

கேள்வி ஒன்றும் கடினமானதல்ல. 'நான் என்னை ஒரு விஞ்ஞானியாகக் கருதுகிறேன்.' துளியும் இல்லை என்றால் ஒன்று, சந்தேகமே இல்லை என்றால் ஐந்து. ஜமீஷா மிசிசிப்பி டெல்டாக்காரி. பதினாலு வயதிலிருந்து டெல்ராய் மாமாவின் கெளுத்தி மீன் பண்ணையில் வேலை பார்த்தவள். விடிவதற்கு முன் பதினெட்டுக் குளங்களிலும் மீட்டரை இறக்கி, தண்ணீரில் பிராணவாயு எவ்வளவு என்று பார்த்து நோட்டில் எழுதுவாள். செத்த மீனின் செவுளை மைக்ராஸ்கோப்பில் வைத்து நோய் இன்னதென்று ஊகிப்பாள். ஒரு குளத்தில் மருந்து போட்டால் பக்கத்துக் குளத்தைச் சும்மா விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பாள். இதையெல்லாம் செய்கிறவருக்கு உலகத்தில் வேறு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை. வட்டத்தைப் போட்டுவிட்டுக் காலை ஆகாரம் சாப்பிடப் போனாள்.

மாமாவின் பண்ணையில் ஒரே ஒரு சட்டம்தான். "மீட்டர்ல பாக்காத நம்பரை நோட்டுல எழுதாத. நீ எழுதினதை நம்பி நான் தூங்குவேன், மீனு சாகும்." மாமா பையன் டிரேவான் ஒரு நாள் படுக்கையில் கிடந்தபடியே ஏழாம் குளத்துக்கு நாலு என்று எழுதிவைத்தான். ஒன்பது மணிக்கு ஏழாம் குளம் முழுக்க வெள்ளை வயிறாக மிதந்தது. அந்த வாடை அடங்க இரண்டு வாரம் ஆயிற்று.

இனி, திட்டத்தைப் பற்றி. அதற்குப் பெயர் ஏணி. மருத்துவ ஆராய்ச்சியில் கறுப்பர் வீட்டுப் பிள்ளைகளும் பூர்வகுடிப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் போதுமான அளவு இல்லையே என்று நாட்டுக்கு ஒரு கவலை வந்தது. நியாயமான கவலை. நியாயமான கவலை ஒன்று கிடைத்தால் அதைச் சுற்றி ஓர் அலுவலகம் முளைக்கும். முளைத்தபின் அந்தக் கவலை தீர்ந்துவிடாமல் அலுவலகம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும். வடக்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் முளைத்த இந்த அலுவலகத்தில் பதினாலு பேர் சம்பளம் வாங்கினார்கள். கோடைக்குப் பன்னிரண்டு கல்லூரிப் பிள்ளைகளைப் பத்து வாரம் வரவழைத்து ஆராய்ச்சி பழக்கினார்கள்.

ஏணிக்கு ஐந்து படிகள். முதல் படி வந்து சேருதல், இரண்டாவது இது நம் வீடு என்று உணருதல், மூன்றாவது தன் கதையைக் கண்டடைதல், நான்காவது கேள்வி கேட்டல், ஐந்தாவது ஒளிர்தல். ஒவ்வொரு படிக்கும் இரண்டு வாரம். ஆராய்ச்சி என்பது படிக்கும் படிக்கும் நடுவில், நேரம் கிடைத்தால் செய்துகொள்ள வேண்டியது. ஆளுக்கொரு வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். நெஞ்சில் தங்க நூலால் ஏணி தைத்திருந்தது. கறை பட்டுவிடுமாம், அதனால் ஆய்வகத்துக்குள் போட்டுக்கொண்டு போகக் கூடாது என்றும் சொன்னார்கள்.

ஜமீஷா கோட்டுக்காக வரவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு முழு ஆராய்ச்சியும் அதற்கொரு கடிதமும். அவள் படிக்கும் கல்லூரியில் இரண்டு துறைகளுக்குச் சேர்த்து ஒரு மைக்ராஸ்கோப். அங்கே படித்தவள் மேல்படிப்புக்கு விண்ணப்பம் போட்டால், இப்படிப்பட்ட இடத்துப் பேராசிரியர் ஒருவர், இவளுக்கு வேலை தெரியும் என்று எழுதித் தந்தால்தான் பிரித்தாவது பார்ப்பார்கள். பேராசிரியர் லிண்ட்குவிஸ்ட்டின் ஆய்வகத்தில் விரல் நீள வரிக்குதிரை மீன்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அதில் இதயம் மெதுவாகத் துடிக்கும் ஒரு ரகம். அதன் முட்டைகளுக்குள் குஞ்சின் இதயம் துடிப்பது கண்ணாடிபோல வெளியே தெரியும். மருந்து கொடுத்தும் கொடுக்காமலும் அந்தத் துடிப்பை எண்ண வேண்டும். அந்த வேலை ஜமீஷாவுக்கு. யாருக்கு எந்த வேலை என்ற பட்டியலைப் படித்தபோது அவளுக்கு வாயெல்லாம் பல்லாக இருந்தது.

மூன்றாம் நாள் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். டாக்டர் மெரிடித் கோல்ப்ரூக் எதிராளியின் கையைத் தம் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொள்ளாமல் பேசமாட்டார். பக்கத்தில் கிரெகரி என்பவர் கணினியோடு உட்கார்ந்திருந்தார். அவர் வெளி மதிப்பீட்டாளர். வெளி என்றால், இயக்குநர் அறைக்கு வெளியே இரண்டாவது கதவு.

"நீ ஒரு தப்பும் பண்ணலம்மா," என்று ஆரம்பித்தார் மெரிடித். என்னவோ தப்புப் பண்ணியிருக்கிறோம் என்று ஜமீஷாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

கிரெகரி திரையைத் திருப்பினார். கீழே பதினோரு புள்ளிகள் கூட்டமாக இருந்தன. உச்சியில் ஒரு புள்ளி தனியாக இருந்தது.

"இது நீ. பத்து வாரம் கழிச்சு இதே கேள்வியை மறுபடி கேப்போம். எல்லாப் புள்ளியும் மேல போகணும். நீ எங்க போவ? அஞ்சுக்கு மேல படி கிடையாதே."

"அப்ப நான் அஞ்சுலயே நிக்கிறேன் சார்."

"நின்னா கோடு படுத்துரும்," என்றார் கிரெகரி, துக்கம் விசாரிக்கிற குரலில். அடுத்த ஐந்து வருட மானியத்துக்கு இந்த ஆண்டுதான் விண்ணப்பம் என்றும், கோடு படுத்தால் அலுவலகமும் படுத்துவிடும் என்றும் விளக்கினார்.

மெரிடித் அவள் கையை இன்னும் அழுத்திப் பிடித்தார். "நாங்க உன்னைப் பொய் சொல்லச் சொல்லல. வளரப்போற பிள்ளையா இருன்னுதான் கேக்கறோம். இவ்வளவு தன்னம்பிக்கை எங்கிருந்து வருது தெரியுமா? ஆழமான காயத்துலேருந்து. இந்த இடத்துக்கு நாம தகுதிதானான்னு உனக்குள்ள ஒரு குரல் கேக்குமே, அது என்ன சொல்லுது?"

"அப்படி ஒண்ணும் கேக்கல மேடம்."

"பாருங்க கிரெகரி, மேடம்கிறா," என்று மெரிடித்தின் கண் கலங்கியது. டெல்டாவில் பெரியவர்களை மேடம், சார் என்று சொல்லாத பிள்ளைக்கு முதுகில் பழுத்துவிடும். மெரிடித் அதைத் தலைமுறைக் காயத்தின் அடையாளம் என்று குறித்துக்கொண்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது என்பார்கள். அந்த ஓநாய்க்காவது நோக்கம் தெளிவாக இருந்தது. இந்த அம்மாள் உண்மையாகவே அழுதார்.

புதுப் படிவம் ஒன்றை நீட்டினார்கள். நன்றாக யோசித்துப் போடச் சொன்னார்கள். ஜமீஷா நன்றாக யோசித்து மறுபடியும் ஐந்தில் வட்டம் போட்டாள்.

அதற்குப் பிறகு அவளைச் சும்மா விடவில்லை. 'நான் போலிதானோ என்ற பயத்தை வெல்வோம்' என்று ஒரு பயிலரங்கு. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஒரு நூல்கண்டைத் தூக்கிப் போடுவார்கள். பிடித்தவர் தம் பயத்தைச் சொல்லிவிட்டு அடுத்தவருக்குப் போட வேண்டும். பதினோரு பிள்ளைகளும் சொன்னார்கள். பாதிப் பேர் அங்கேயே யோசித்துக் கண்டுபிடித்ததைச் சொன்னார்கள். ஜமீஷா நூல்கண்டைப் பிடித்து, தனக்கு அந்த மாதிரி பயம் இல்லை, அக்கா மகனுக்கு வேண்டுமானால் பாம்பு பயம் உண்டு என்றாள். தன் வலியை மறைக்கும் அவளுடைய வலிமைக்காக எல்லோரும் ஒரு நிமிடம் கைதட்டும்படி மெரிடித் கேட்டுக்கொண்டார். பயத்தை வெல்வதற்கு முதலில் பயம் வேண்டும் அல்லவா, அதனால் அவளுக்கு மட்டும் செவ்வாயும் வியாழனும் தனி வகுப்பு வைத்தார்கள்.

நடுவில் ஒரு நாள் புகைப்படம். ஆய்வகத்தில் இடம் போதாது என்று உணவுக்கூடத்து மேசைமேல் குடுவைகளை அடுக்கி, நீலச் சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். புகைப்படக்காரர் அவள் கையிலிருந்த பிப்பெட்டைத் தலைகீழாகப் பிடிக்கச் சொன்னார். அப்படிப் பிடித்தால் திரவம் கருவிக்குள் இறங்கிக் கருவியே பாழாகிவிடும் என்றாள் ஜமீஷா. வெளிச்சம் அப்படித்தான் நன்றாக விழுகிறது, இன்னும் கொஞ்சம் வியப்பாகப் பார் என்றார் அவர். ஒரு வாரத்தில் அந்தப் படம் இரண்டு மாடி உயரத்துக்குக் கட்டடத்தின் முகப்பில் தொங்கியது.

இந்தக் கூத்துகளுக்கு நடுவே கிடைத்த முதல் முழு மணி நேரத்தில் அவள் மீன் அறைக்கு ஓடினாள். அங்கே ரெனாட்டோ இருந்தார். மணிலாக்காரர், பதினேழு வருடமாக மீன்களுக்குத் தீனி போட்டுத் தொட்டி கழுவுகிறவர். அவள் சார் என்று கூப்பிட்டதும் யாரைக் கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தார். அவர் கையிலிருந்த வலையில் செத்த மீன்கள் இருந்தன.

"நேத்து நாப்பது. இன்னைக்கு அறுபது," என்றார். "உன்னோட ரகம்தான் முதல்ல போகுது."

ஜமீஷா ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். ரத்தம் சிவப்பாக இல்லை, காப்பிக் கசடு நிறத்தில் இருந்தது. பழுப்பு ரத்தம். பண்ணையில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பார்க்கிற சமாசாரம். தண்ணீரில் நைட்ரைட் ஏறினால் மீனின் ரத்தம் பிராணவாயுவைத் தூக்க முடியாமல் போய்விடும். மூச்சு விட்டுக்கொண்டே மூச்சு முட்டிச் சாகும்.

"வடிகட்டியைக் கழுவினீங்களா சார்?"

"நான் ஏன் கழுவறேன்? நன்கொடையாளருங்க பாக்க வர்றாங்கன்னு ஆபீஸ்லேருந்து ஆளு வந்து, பாசியா இருக்குதுன்னு ப்ளீச் ஊத்திப் பளபளன்னு ஆக்கிட்டுப் போனாங்க. வேணாம்னேன். நான் சொல்லி யாரு கேக்கறா?"

அந்தப் பாசியில்தான் அழுக்கைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றும் கிருமிகள் குடியிருந்தன. சோதனைத் தாளை நனைத்தார்கள், கருஞ்சிவப்பாக மாறியது. வைத்தியம் டெல்டாவில் குழந்தைக்கும் தெரியும். அயோடின் கலக்காத சாதா உப்பை அளந்து போட்டால் நைட்ரைட் மீனுக்குள் போகாது. கிருமிகள் திரும்பக் குடியேறும்வரை அது தாங்கும். ரெனாட்டோவுக்கும் அது தெரிந்திருந்தது. ஆனால் பேராசிரியர் உத்தரவில்லாமல் ஒரு சிட்டிகை போட்டாலும் அவர் வேலை போய்விடும்.

பேராசிரியர் லிண்ட்குவிஸ்ட் டென்மார்க்கில் மாநாட்டில் இருந்தார். ஜமீஷா மின்னஞ்சல் அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: உன் ஆர்வம் மெய்சிலிர்க்க வைக்கிறது, மாணவர்களின் யோசனைகள் திட்ட அலுவலகம் வழியாக வந்தால் நல்லது. அதற்குள் இருநூறு மீன் போயிருந்தது.

திட்ட அலுவலகத்தில் மெரிடித் முழுதும் கேட்டார். தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்.

"நீ கேள்வி கேக்கறது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆனா கேள்வி கேக்கறது நாலாம் படி. இப்ப மூணாவது வாரம்தானே? ரெண்டாம் படியில நிக்கறோம். இது நம்ம வீடுன்னு முதல்ல நீ உணரணும்."

"வீட்டுல மீனு செத்துக்கிட்டிருக்கு மேடம். நாளைக்கு உப்புப் போடலைன்னா என் ரகம் முழுக்கப் போயிரும். எண்ணறதுக்கு ஒண்ணும் இருக்காது."

மெரிடித் சற்று நேரம் ஜன்னல் வழியே வெளியில் தொங்கிய படத்தைப் பார்த்தார். படத்தின் பின்பக்கம்தான் தெரிந்தது.

"லிண்ட்குவிஸ்ட்டை நான் இப்பவே போன்ல பிடிக்கலாம். என் போனை எடுப்பாரு. ஆனா படி தாண்டி ஒரு பிள்ளைக்கு உதவி பண்ணணும்னா, அந்தப் பிள்ளைக்கு உதவி தேவைன்னு காகிதத்துல இருக்கணும் இல்லியா? உன் காகிதத்துல அஞ்சு இருக்கு. அஞ்சுக்கு எதுக்கு உதவி?" மேசை இழுப்பறையைத் திறந்து, முதல் நாள் படிவத்துக்குப் பதிலாக வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து அவள்முன் வைத்தார். "நான் எதுவும் சொல்ல மாட்டேன். உன் மனசு சொல்றதைப் போடு."

ஜமீஷாவுக்கு ஏழாம் குளம் நினைவுக்கு வந்தது. மீட்டரில் பார்க்காத எண். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதுவும் தன்மேல் வந்தது. ஒரு பக்கம் மாமாவின் சட்டம், இன்னொரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும் மீன்கள். அவள் ஜூன் பதினாறு என்று தேதி போட்டாள். இரண்டில் வட்டம் போட்டாள்.

மெரிடித் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார். "இதுதாம்மா துணிச்சல்," என்றார். பிறகு போனை எடுத்தார். டென்மார்க்கில் பேராசிரியர் பேசி முடிக்க நாற்பது விநாடி ஆயிற்று.

அன்று மதியம் ரெனாட்டோவும் அவளும் உப்பை அளந்து கரைத்தார்கள். மறுநாள் இருபது மீன் செத்தது. அதற்கு மறுநாள் மூன்று. பிறகு சாவு நின்றது. மிச்சமிருந்த மீன்களிலிருந்து ஜமீஷா முட்டை எடுத்து, பயிலரங்குகளுக்கு நடுவே ஓடி ஓடி, மூவாயிரத்துச் சொச்சம் குஞ்சு இதயங்களின் துடிப்பை எண்ணி நோட்டில் எழுதினாள். எண்ணாத எதையும் எழுதவில்லை. மருந்து கொடுத்தவை சற்று வேகமாகத் துடித்தன.

ஒளிர்தல் படியில் சுவரொட்டிக் கண்காட்சி. சுவரொட்டியின் அமைப்பை அலுவலகமே வகுத்திருந்தது. மேல்பாதியில் சின்னங்கள், நடுவில் 'என் பயணம்', கீழ்மூலையில் உள்ளங்கையளவு கட்டத்தில் முடிவுகள். மூவாயிரம் இதயங்களை அந்தக் கட்டத்துக்குள் நான்கு எண்களாகச் சுருக்கினாள். வந்தவர்களில் ஒருவரும் எண்களைப் பார்க்கவில்லை. எப்படி உணர்ந்தாய் என்று பதினேழு பேர் கேட்டார்கள். பேராசிரியர் லிண்ட்குவிஸ்ட் வந்து அவள் பெயர்ப் பட்டையைப் படித்து, மீன்கள் தாமாகவே தேறிக்கொண்ட விதம் இயற்கையின் அதிசயம் என்றார். மீன் அறைக்காரர்களுக்கு அழைப்பு இல்லாததால் ரெனாட்டோ அங்கே இல்லை.

கடைசி நாள் காலையில் மறுபடி அதே படிவம். இப்போது ஐந்தில் வட்டம் போட்டால் எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டிலிருந்து ஐந்துக்கு ஏறியது என்று கிரெகரி அந்தப் புள்ளியைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். கிரெகரி அவளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஜமீஷா ஒன்றில் வட்டம் போட்டாள். கீழே கருத்து என்று கோடு போட்டிருந்த இடத்தில் எழுதினாள்: 'ஜூன் பதினாறாம் தேதி இந்தக் கேள்விக்குப் பார்க்காத எண்ணை எழுதினேன். அப்படி எழுதுகிறவர் விஞ்ஞானி இல்லை.'

மாலையில் நிறைவு விழா. மெரிடித் மேடையேறி, ஏணியில் ஏறுவதற்குக் கால் வேண்டாம், இதயம்தான் வேண்டும் என்று தொடங்கி இருபத்தைந்து நிமிடம் பேசினார். "இந்தப் பிள்ளைங்க இங்க வரும்போது ஒண்ணுமில்லாம வந்தாங்க. இப்ப அவங்ககிட்ட நாம இருக்கோம்," என்று சொல்லி நிறுத்தினார். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. திரையில் பன்னிரண்டு கோடுகள் தெரிந்தன. பன்னிரண்டும் மேல்நோக்கிப் போயின. அதில் ஒரு பிள்ளை நூறு சதவீதம் உயர்ந்திருக்கிறாள் என்று மெரிடித் குரல் தழுதழுக்கச் சொன்னார். அந்தக் கோடு ஒன்றில் தொடங்கி இரண்டில் முடிந்தது.

கேக் வெட்டுகிற இடத்தில் ஜமீஷா கிரெகரியைப் பிடித்தாள்.

"சார், என் நம்பர் ரெண்டும் இடம் மாறியிருக்கு."

"மாறலம்மா, சரி பண்ணினோம். பத்து வாரம் இங்க இருந்துட்டு யாராவது கீழ போவாங்களா? அப்ப நீ படிவத்தை மாத்தி எழுதிட்டன்னுதானே அர்த்தம்? இதுக்குப் பேரு தரவைச் சுத்தம் பண்றது. நீயும் படிச்சிருப்பியே." அவளுக்கும் ஒரு துண்டு கேக் வைத்துக் கொடுத்தார்.

வடிகட்டியையும் இவர்கள்தானே சுத்தம் பண்ணினார்கள் என்று ஜமீஷாவுக்குத் தோன்றியது. கேக்கைத் தின்னாமல் வைத்துவிட்டு மீன் அறைக்குப் போய் ரெனாட்டோவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

கடிதம் செப்டம்பரில் வந்தது. 'முதல் நாளில் தன்மேல் துளி நம்பிக்கையும் இல்லாமல் எங்களிடம் வந்த ஜமீஷா, எங்கள் அரவணைப்பில் மலர்ந்தாள்' என்று தொடங்கியது. உப்பும் இல்லை, இதயமும் இல்லை. கீழே லிண்ட்குவிஸ்ட்டின் கையெழுத்து இருந்தது. அம்மா அதை இரண்டு முறை படித்தாள். மீன் வெட்டும் ஆலையில் இருபது வருடம் நின்ற கால்களைச் சோபாவில் நீட்டிக்கொண்டு, "யாருடீ இந்தப் பொண்ணு?" என்று கேட்டாள்.

ஜமீஷா அந்தக் கடிதத்தை யாருக்கும் அனுப்பவில்லை. பேர்பெற்ற இடங்கள் கடிதம் இல்லாத விண்ணப்பத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து மாநிலத்தில் மீன் நோய்களைப் படிக்கும் சின்னத் துறை ஒன்றுக்கு, எண்ணிய நோட்டின் எண்பத்தாறு பக்கங்களையும் நகலெடுத்து அனுப்பினாள். முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு கூட்டல் தப்பு என்று அங்கிருந்து பதில் வந்தது. ஆகஸ்டில் வந்து சேரும்படியும் எழுதியிருந்தார்கள்.

போவதற்கு முந்திய ஜூன் மாதத்தில் ஒரு காலை, பதினோராம் குளத்துக் கரையில் நின்றிருந்தபோது போன் அடித்தது. கிரெகரிதான். ஓராண்டுக்குப் பின்னான தொடர் மதிப்பீடு, ஒரே ஒரு கேள்வி, ஒரு நிமிடம்கூட ஆகாது என்றார். கேள்வியைப் படித்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க சார்," என்று சொல்லி மீட்டரை இறக்கினாள். முள் நிற்கும்வரை காத்திருந்து, எண்ணைப் படித்து, நோட்டில் எழுதிவிட்டுப் போனை மறுபடி காதில் வைத்தாள். "அஞ்சு."

மறுமுனையில் கிரெகரி நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும், ஏதோ உருண்டது. ஒன்று, இரண்டு, ஐந்து. இப்படியொரு நீண்டகாலப் பலனை எந்தத் திட்டமும் இதுவரை காட்டியதில்லை, மெரிடித் மேடம் அழுதேவிடுவார் என்றார்.

"சார், அது போன வருஷம் முதல் நாள் போட்ட அஞ்சு. நீங்க வந்து கேக்கறதுக்கு முன்னாடியே இருந்தது. முதல் கட்டத்துல எழுதிக்குங்க."

"முதல் கட்டத்தை மூடியாச்சேம்மா," என்றார் கிரெகரி. "இப்ப கடைசிக் கட்டம்தான் காலியா இருக்கு."

அவர் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜமீஷா போனை வைத்துவிட்டு அடுத்த குளத்துக்கு நடந்தாள். பன்னிரண்டாம் குளத்தில் மூன்று புள்ளி ஒன்று இருந்தது. மூன்று புள்ளி ஒன்று என்று எழுதிவிட்டு, தண்ணீருக்குக் காற்றூட்டும் காற்றாடியைப் போடச் சொல்லி டிரேவானுக்குக் குரல் கொடுத்தாள்.